மூன்று தேங்காயில் ஒரு வாரத்து ராத்திரிச் சாப்பாடு

வேலை முடிந்து பஸ் பிடித்து வீடு வந்து சேர ஆறரை மணி. பிள்ளைகளுக்கு ஏழரைக்குள் பசிக்கும். உதவிக்கு இன்னொரு கை இல்லாத வீட்டில் இந்த ஒரு மணி நேரம்தான் நாளிலேயே கடினமானது. நம் குமரி மாவட்டச் சமையலில் அந்த நேரத்தைத் தின்பது அடுப்பு அல்ல, தேங்காய்தான். உடைத்து, துருவி, வறுத்து, அரைத்து, மிக்சியைக் கழுவி வைப்பதற்குள் அரைமணி போய்விடும். அதற்குப் பிறகு தீயலோ (வறுத்தரைத்த தேங்காயில் வைக்கும் புளிக்குழம்பு) மீன்கறியோ கொதிப்பதற்கு இருபது நிமிடம் போதும். ஆகவே தேங்காய் வேலையைச் சாயங்காலத்திலிருந்து எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரத்தில் மொத்தமாக முடித்துவிட வேண்டும். மற்றதெல்லாம் தானாக இலகுவாகும்.

இங்கே சொல்லும் அளவுகள் ஒரு பெரியவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்கானவை. கப் என்றால் 200 மில்லி டம்ளர். நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் துருவினால் ஏறக்குறைய மூன்று கப் வரும். வாரத்துக்கு மூன்று தேங்காய் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அரப்பு

அரப்பு என்றால் மசாலாவோடு அரைத்த தேங்காய். முதலில் வறுத்த அரப்பு, ஏனென்றால் அது ஆறுவதற்கு நேரம் வேண்டும். மூன்று கப் துருவல், தட்டிய சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஆறு, தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்த்து, அடி கனமான சட்டியில் சிறு தீயில் வறுக்கவும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இளஞ்சிவப்பாகும். அப்போது முழு மல்லி நான்கு மேசைக்கரண்டி, வத்தல் (காய்ந்த மிளகாய்) ஐந்து, நல்லமிளகு (குறுமிளகு) ஒரு தேக்கரண்டி போடவும். கடைசியில் இரண்டு கொத்துக் கறிவேப்பிலை. மல்லியையும் வத்தலையும் தேங்காயோடு முதலிலேயே போட்டால், தேங்காய் சிவப்பதற்குள் அவை கருகிவிடும். தீயல் கசப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தீயைக் கூட்டினாலும் அதே கதிதான்: ஓரம் கருகும், நடு வெள்ளையாக நிற்கும்.

நிறம் கருப்பட்டியை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அடுப்பை அணைத்து, உடனே ஒரு தட்டில் கொட்டிவிட வேண்டும். இரும்புச் சட்டியின் சூடு அடுப்பை அணைத்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் வறுத்துக்கொண்டே இருக்கும். நன்றாக ஆறிய பின் தண்ணீர் சேர்க்காமல் மிக்சியில் ஓட்டினால், தேங்காயின் எண்ணெயிலேயே குழம்பாக இளகி வரும். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் பத்து நாள் தாங்கும். தண்ணீர் ஊற்றி அரைத்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது. இந்த அளவு இரண்டு தடவை தீயல் வைக்கக் காணும்.

அடுத்தது மீன் அரப்பு. ஒரு தடவைக் குழம்புக்கு ஒரு கப் துருவல், மல்லிப்பொடி ஒரு மேசைக்கரண்டி, வத்தல்பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள்பொடி அரைத் தேக்கரண்டி, சின்ன உள்ளி நான்கு. இதை வெண்ணெய் போல அரைக்க வேண்டும். முதலில் தண்ணீர் இல்லாமல் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, பிறகு இளஞ்சூடான தண்ணீரை இரண்டு கரண்டி இரண்டு கரண்டியாக விடவும். அரைக் கப்புக்கு மேல் வேண்டாம். எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக விட்டால் துருவல் மிதந்து பிளேடுக்குச் சிக்காமல் ஓடும். அப்படி அரைத்த குழம்பு ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பிசிறு என்று நிற்கும்.

மூன்றாவது பச்சை அரப்பு. ஒரு கப் துருவலுக்குப் பச்சைமிளகாய் மூன்று, சீரகம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள்பொடி கால் தேக்கரண்டி, சின்ன உள்ளி இரண்டு. இது ஒன்றிரண்டாக இருந்தால் போதும்; மிக்சியை விட்டு விட்டு நாலு தடவை சுற்றினால் ஆயிற்று. துவரன் (தேங்காய்ப் பொரியல்), அவியல், நெத்திலி அவியல், புளிசேரி (தயிர்க்குழம்பு) என்று எல்லாவற்றுக்கும் இதுவே கை கொடுக்கும் என்பதால், மூன்று கப் துருவலுக்குச் செய்து வைக்கவும்.

மீன் அரப்பையும் பச்சை அரப்பையும் ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, பிளாஸ்டிக் கவரில் ஒரு விரல் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். உருண்டையாக வைத்தால் இளக முக்கால் மணி ஆகும். தட்டையாக இருந்தால் தண்ணீர்த் தட்டில் போட்டுப் பத்து நிமிடத்தில் இளகிவிடும். மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடவும். மழைக்காலத்தில் கரண்ட் நெடுநேரம் போய் அரப்பு இளகிவிட்டால், குளிர்ச்சி குறையாமல் இருக்கும்போதே அன்றைக்கே கொதிக்க வைத்துப் பயன்படுத்துங்கள். திரும்ப உறைய வைக்காதீர்கள். புளித்த வாடை வந்திருந்தால் தயங்காமல் கொட்டிவிடலாம்.

அரிசி

சம்பா அரிசிதான் நம் வீடுகளில். திறந்த பானையில் அது வேக முக்கால் மணி ஆகும். காலையில் புறப்படும்முன் ஒன்றரைக் கப் அரிசியைக் கழுவி, தண்ணீர் விட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். வெளியே வைத்தால் நம் ஊர்ச் சூட்டுக்குச் சாயங்காலத்துக்குள் புளிப்பு ஏறிவிடும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை, ஊறிய அரிசியை ஐந்து கப் தண்ணீரோடு குக்கரில் வைப்பது. ஐந்து விசில், பிறகு சிறு தீயில் ஐந்து நிமிடம். ஆவி அடங்கியதும் வடித்துவிடலாம். பழைய அரிசி என்றால் ஒன்றிரண்டு விசில் கூட வேண்டியிருக்கும். ஒரு மூட்டையை முதன்முதலாக வைக்கும்போது விசிலை எண்ணிக் குறித்துக்கொண்டால் மூட்டை தீரும்வரை அதே கணக்கு.

உள்ளி தீயல்

இதில் நேரமெடுப்பது உள்ளி உரிப்பது மட்டும். 200 கிராம் சின்ன உள்ளியின் தலையும் வாலும் நறுக்கி இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால், தோல் விரலாலேயே கழன்று வரும். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகூட உரித்துத் தரும்.

ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, உள்ளியை ஏழு நிமிடம் வதக்கவும். உள்ளி கண்ணாடி போலாகி, கரண்டியால் அழுத்தினால் அமுங்க வேண்டும். அதற்குப் பிறகே புளி. நெல்லிக்காய் அளவுப் புளியை ஒன்றரைக் கப் தண்ணீரில் கரைத்து, மஞ்சள்பொடி, உப்போடு எட்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். புளி விழுந்துவிட்டால் காய் எளிதில் வேகாது; கத்தரிக்காய், முருங்கைக்காய்த் தீயலுக்கும் காயை முக்கால் பதம் வேகவைத்த பிறகே புளி சேர்க்க வேண்டும். கடைசியாக, பாட்டிலில் உள்ள வறுத்த அரப்பில் பாதியை அரைக் கப் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, சிறு தீயில் எண்ணெய் தெளியும்வரை ஐந்தாறு நிமிடம். தீயல் மறுநாள் இன்னும் ருசிக்கும். திங்கட்கிழமை கொஞ்சம் கூட வைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் செவ்வாய்க்கிழமை மதியச் சோற்றுக்கும் ஆகும்.

சின்னப் பிள்ளைக்கு எரிந்தால், சமைத்த பிறகு தண்ணீர் விட்டு நீர்க்க வைக்காதீர்கள். அரப்பிலேயே வத்தலை மூன்றாகக் குறைத்துவிட்டு, பெரியவர் தட்டில் மட்டும் நல்லமிளகுப்பொடி தூவிக்கொள்ளலாம்.

மீன்

சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), சூரை வாங்கும்போது ஒன்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும்: வெயிலில் கிடக்கக் கூடாது. இந்த மீன்கள் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். ஆகவே காலையில் வாங்கி ஸ்கூட்டரில் தொங்கவிட்டு வேலைக்குப் போகிற வழக்கம் வேண்டாம். வீடு திரும்பும்போது ஐஸில் இருக்கிற மீனாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் விடுமுறை நாளில் வாங்கி, சந்தையிலேயே வெட்டிச் சுத்தம் செய்யச் சொல்லி, வந்தவுடன் கழுவி, ஒருவேளைக்கு அரைக்கிலோ வீதம் டப்பாவில் ஃப்ரீசரில் வைக்கலாம். சாளையில் எண்ணெய் அதிகம். ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் காறல் வாடை வரும்.

குழம்புக்கு: மண்சட்டியில் மீன் அரப்பு ஒரு பொட்டலம், ஒரு கப் தண்ணீர், நெல்லிக்காய் அளவுப் புளிக்கரைசல், உப்பு, பாதி மாங்காய் அல்லது ஒரு முருங்கைக்காய். மாங்காய் நல்ல புளிப்பாக இருந்தால் புளியைப் பாதியாக்கவும். பச்சை வாடை போக ஆறு நிமிடம் கொதித்ததும் அரைக்கிலோ மீனைப் போட்டு, மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம். கரண்டி போடக் கூடாது. சட்டியின் காதைப் பிடித்துச் சுழற்றிவிட்டால் போதும். மண்சட்டி அணைத்த பிறகும் கொதிக்கும் என்பதால் இரண்டு நிமிடம் முன்னாலேயே அணைத்து, கறிவேப்பிலையும் ஒரு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெயும் விட்டு மூடி வையுங்கள்.

இதைவிடவும் விரைவானது நெத்திலி அவியல். 400 கிராம் நெத்திலி, ஒரு கப் அளவுக்குப் பச்சை அரப்பு, நீளவாக்கில் நறுக்கிய மாங்காய் பாதி, உப்பு, அரைக் கப் தண்ணீர். எல்லாவற்றையும் சட்டியிலேயே கையால் புரட்டி, மூடி, மிதமான தீயில் ஏழு நிமிடம். தண்ணீர் வற்றியதும் எண்ணெய், கறிவேப்பிலை. பத்து நிமிடத்துக்கு மேல் கிடந்தால் நெத்திலி கரைந்து முள்ளாகிவிடும்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். சின்னமுட்டம் பக்கம், அதாவது கிழக்குக் கரையில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் இருக்கிற மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் சேர்கிற ஜூன் முதல் பாதியில் நாட்டுப்படகு மீன்தான், விலையும் ஏறும். அந்த நாட்களில் மீன் அரப்பிலேயே அவித்த முட்டையைக் கீறிப் போட்டு முருங்கைக்காயோடு வைக்கலாம். பிள்ளைகள் மறுக்காமல் சாப்பிடுகிற குழம்பு அது.

கஞ்சி நாள்

வாரத்தில் ஒரு நாளாவது ஒரே குக்கரில் முடிய வேண்டும். ஐந்து லிட்டர் குக்கரில் முக்கால் கப் சம்பா அரிசி, ஆறு கப் தண்ணீர், அரைத் தேக்கரண்டி எண்ணெய். அதற்குள் ஒரு தூக்குப் பாத்திரத்தில் அரைக் கப் சிறுபயறும் ஒரு கப் தண்ணீரும். ஏழு விசில் விடவும். பயறை ஊறவைக்க வேண்டாம். ஊறினால் ஏழு விசிலில் குழைந்துவிடும். மொத்த அளவு பாதிக் குக்கரைத் தாண்டக் கூடாது. கஞ்சி பொங்கி விசில் துவாரத்தை அடைக்கும், அது ஆபத்து. ஆவியும் தானாகவே அடங்கட்டும். அவசரப்பட்டு விசிலைத் தூக்கினால் கஞ்சி சுவரெல்லாம் தெறிக்கும்.

பயறில் அரைக் கப் பச்சை அரப்பும் உப்பும் சேர்த்து மூன்று நிமிடம் புரட்டினால் துவரன். கூடவே காணத்துவையல்: கால் கப் காணத்தை (கொள்ளு) வெடிக்கும்வரை வறுத்து, அரைக் கப் துருவல், வத்தல் மூன்று, பூடு இரண்டு பல், கொஞ்சம் புளி, உப்போடு தண்ணீர் தெளித்து அரைப்பது. காணம் சரியாக வறுபடாவிட்டால் பச்சை வாடை அடிக்கும், எவ்வளவு அரைத்தாலும் போகாது. ஒரு பப்படம் சுட்டால் சாப்பாடு நிறைவு.

புளிசேரி, மரச்சீனி

புளிசேரி பதினைந்து நிமிட வேலை. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) அல்லது வெள்ளரிக்காயை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, ஒரு கப் பச்சை அரப்பை நைசாக ஓட்டிச் சேர்த்து மூன்று நிமிடம் கொதிக்க விடவும். தீயை நன்றாகக் குறைத்த பிறகு, அடித்து வைத்த தயிர் ஒன்றரைக் கப். ஓரத்தில் நுரை கூடியதும் அணைத்துவிட வேண்டும். கொதித்தால் திரியும், ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தயிரை அப்படியே கொட்டினாலும் திரியும். வீட்டுக்கு வந்ததும் தயிரை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) மட்டும் குக்கரில் வைக்காதீர்கள். அதில் இயல்பாகவே சயனைடு சார்ந்த நஞ்சு கொஞ்சம் உண்டு, கசக்கிற கிழங்கில் அதிகம். மேல்தோலோடு அதன் கீழே உள்ள தடித்த தோலையும் உரித்து, சிறு துண்டாக்கி, திறந்த பானையில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பாதி வெந்ததும் ஒரு தடவை வடித்து, புதுச் சுடுதண்ணீரும் உப்பும் விட்டு வேகவைப்பது இன்னும் நல்லது. பிள்ளைகள் பச்சையாகக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கசப்புத் தட்டினால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கிழங்கின் உள்ளே நீலக்கறுப்பு வரி ஓடத் தொடங்கும். அதற்குப் பிறகு அது வேகாது. வாங்கும்போது ஒரு முனையை ஒடித்துப் பாருங்கள். வெள்ளையாக, சடக்கென்று ஒடிய வேண்டும். வாங்கிய அன்றைக்குச் சமைக்க நேரமில்லை என்றால் உரித்து நறுக்கி, தண்ணீரில் மூழ்க வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் நிற்கும். தண்ணீரை நாளுக்கொரு தடவை மாற்றவும். கிழங்கு வேகும் இருபது நிமிடத்தில் மறு அடுப்பில் மீன்கறி தயாராகிவிடும்.