கௌபாய்: மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் திருத்தத்துக்கு வந்த இரண்டு கைப்பிரதிகளிலும், ‘கௌபாய்’ (cowboy) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குவதில் பல ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த அதே பிழையைக் கண்டேன். கவ்பாயா, கௌபாயா என்ற எழுத்துச் சிக்கலை மெய்ப்புப் பார்ப்பவர் சரிசெய்துவிடுவார். பொருள் பிழைத்தால் அதை மொழிபெயர்ப்பாளரே பிடித்தாக வேண்டும்.

ஆண்டையும் ஊரையும் பார்க்காமல் பொருள் கொள்ளுதல்

அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 1881 அக்டோபர் 26 அன்று நடந்த துப்பாக்கிச் சண்டையைப் பற்றிய கட்டுரை ஒன்றை நான் தமிழாக்கினேன். காவலர்களான ஏர்ப் சகோதரர்கள் மூவரும் அவர்களுடைய நண்பர் டாக் ஹாலிடேயும் ஒரு பக்கம், கௌபாய்கள் மறுபக்கம். கௌபாய்களில் மூவர் இறந்தனர். நானோ சற்றும் யோசிக்காமல் ‘மாடு மேய்ப்பவர்கள்’ என்று எழுதிவிட்டேன். நூல் அச்சான பிறகு, கூலிக்கு மாடு மேய்த்த ஏழைகளைக் காவலர்கள் ஏன் சுட்டார்கள் என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியபோதுதான் மூலத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த வட்டாரத்தில், அந்த ஆண்டுகளில், எல்லை கடந்து மெக்சிகோவிலிருந்து மாடு திருடி வந்த கும்பலுக்கே அந்தப் பெயர் வழங்கியது. நேர்மையாக மாடு வளர்த்தவர்கள் அந்தச் சொல்லால் தம்மை அழைப்பதை இழிவாகக் கருதினார்கள். 16 பக்கப் பாரம் ஒன்றை மறுபடி அச்சடித்து, கட்டு பிரித்துச் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவைப் பதிப்பாளர் ஏற்றுக்கொண்டார் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் கூசுகிறது.

இத்தனைக்கும், 1867 முதல் டெக்சாஸிலிருந்து சிஸம் தடம் வழியாகக் கான்சாஸின் அபிலீன் ரயில் நிலையத்துக்கு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களும் கௌபாய்களே. அவர்கள் உழைத்துச் சம்பளம் வாங்கியவர்கள். அதற்கும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னே, அமெரிக்க விடுதலைப் போரின்போது, நியூயார்க் அருகே வெஸ்ட்செஸ்டர் பகுதியில் மாடுகளைக் கொள்ளையிட்ட பிரிட்டிஷ் ஆதரவாளர்களையும் மக்கள் அப்படியே அழைத்தார்கள். ஆகவே, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று பார்க்காமல் இந்தச் சொல்லில் கை வைக்காதீர்கள்.

பண்ணை முதலாளியைக் கௌபாய் என்று எழுதுதல்

கூடாது. மாடு முதலாளியுடையது, கௌபாய் அதை ஓட்டும் சம்பளக்காரர்.

ஆயர், இடையர், கோவலர்

மூன்றும் அழகிய சொற்கள்தாம். ஆயினும் அவை முல்லை நிலத்தையும் குழலோசையையும் உடன் அழைத்து வருகின்றன. போதாக்குறைக்கு, கிறிஸ்தவ வழக்கில் ஆயர் என்பவர் பிஷப். குதிரைமேல் அமர்ந்து, கயிறு வீசி மாடு பிடிக்கும் கூலியாளுக்கு இவற்றைச் சூட்டினால் காட்சியே மாறிவிடும்.

பிரிட்டனில் வரும் கௌபாய்

அங்கே கட்டட வேலை பற்றிய செய்தியில் இந்தச் சொல் வந்தால் குதிரையைத் தேட வேண்டாம். முறையாகத் தொழில் கற்காமல், பணத்தை வாங்கிக்கொண்டு, ஏனோதானோவென்று ஒப்பேற்றிவிட்டுப் போகும் ஆளை அது குறிக்கிறது. ‘அரைகுறை வேலைக்காரர்’ என்று எழுதினாலே போதும்.

பக்கரூ என்பவர் வேறு ஆள் என்று நினைத்தல்

நெவாடா, ஓரிகன் பக்கம் கௌபாய்க்கு வழங்கும் பெயர் அது. ஸ்பானிய மொழியில் வக்கா என்றால் பசு, வக்கேரோ என்றால் மாட்டுக்காரர். அந்த வக்கேரோதான் ஆங்கிலம் பேசுவோர் வாயில் பக்கரூ ஆயிற்று.