மைக் செட்டிலும் எடுபடும் டான்ஸ் ரீமிக்ஸ்: முதல்முறை செய்பவர்களுக்கு

கிட்டாரும் குரலுமாக மெதுவாகப் போகும் இண்டி (சுயாதீன) பாட்டை ஆட்டப் பாட்டாக்கும்போது முதலில் காப்பாற்ற வேண்டியது குரல். தாளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி அடிக்கலாம். சிதைந்த குரலைச் சரிசெய்ய வழியில்லை.

1. குரல் டிராக்
சுயமாகப் பாட்டு வெளியிடுபவர்களிடம் உரிமை பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருக்கும். அனுமதி கேட்கும்போதே குரலைத் தனி டிராக்காக, 24 பிட் வேவ் ஃபைலாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், பாட்டிலிருந்து குரலைப் பிரிக்கும் அல்டிமேட் வோக்கல் ரிமூவர் மென்பொருள் இலவசமாக இருக்கிறது. அதில் பிரித்தால் சிம்பல் சத்தம் 'ஸ', 'ஷ' ஒலிகளோடு ஒட்டிக்கொண்டு வரும்.

2. வேகம்
112 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட்) பாட்டை 122க்கு ஏற்றினால் 9 சதவீதம்தான் கூடுகிறது, குரல் தாங்கும். 92ஐ 122க்கு இழுத்தால் சொற்கள் நொறுங்கும். அதை 100இல் நிறுத்துவதே நல்லது. கிளிக் (வேகம் காட்டும் 'டிக் டிக்' ஒலி) இல்லாமல் பதிவான பாட்டில் வேகம் ஏறி இறங்கும். நான்கு பாருக்கு (ஒரு பார் என்பது நான்கு பீட்) ஒரு ஸ்ட்ரெட்ச் மார்க்கர், அதாவது ஒலியை இழுத்துத் தாளத்தோடு பொருத்தும் குறி, போதும். ஒவ்வொரு சொல்லையும் கிரிடில் (திரையில் பீட்டைக் காட்டும் கட்டங்கள்) ஒட்டினால் பாடியவரின் இழைவு போய்விடும்.

3. தாளம்
ஒவ்வொரு பீட்டுக்கும் கிக் (கனமான டிரம் அடி), பாரின் 2ஆம், 4ஆம் பீட்டில் கிளாப் (கைதட்டல் ஒலி). தப்பு (பறை) சேர்க்கும்போது கிரிடை டிரிப்ளெட்டுக்கு, அதாவது பீட்டை மூன்றாகப் பிரிக்கும் அமைப்புக்கு, மாற்றுங்கள். நம் ஊர்க் குத்தில் ஒரு பீட் மூன்றாகப் பிரியும், பீட்டை நான்காகப் பிரிக்கும் பதினாறு கிரிடில் வைத்தால் அடி நொண்டும். குரல் நான்காகப் பிரிந்து ஓடும் இடங்களில் இரண்டும் முட்டும். அங்கே தப்பை நிறுத்திவிட்டு, குரல் ஓய்ந்ததும் முழுசாக இறக்குங்கள். தொடக்கத்தில் 16 பார் தாளம் மட்டும் விடுங்கள்: 122இல் சுமார் 31 விநாடி, டிஜே முந்தைய பாட்டோடு கோப்பதற்கு.

4. பேஸ்
பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். மதுரைப் பக்கம் காதுகுத்து, முளைப்பாரி எதுவானாலும் பாட்டு மைக் செட்டில்தான் ஒலிக்கும். பல இடங்களில் அது மோனோ, அதாவது இடம், வலம் இரண்டும் ஒன்றாகக் கலந்த ஒற்றை ஒலி. ஸ்டீரியோவில் விரித்த பேஸ் அதில் ஒன்றையொன்று தின்றுவிடும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் மோனோ ஆக்குங்கள். குரலில் 100க்குக் கீழே வெட்டுங்கள். கிக் விழும்போது பேஸின் சத்தம் தானாகத் தாழ சைட்செயின் கம்ப்ரெஷன் போடுங்கள், ரிலீஸ் (பேஸ் பழைய அளவுக்குத் திரும்பும் நேரம்) 150 மில்லிசெகண்டில் தொடங்கிப் பாருங்கள். கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் அடி பேஸ் வரவே வராது. பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) சேர்த்தால், 55 ஹெர்ட்ஸ் சுரம் 330, 440இலும் மேலொலிகளாகக் கேட்கும்.

5. சோதனை
மாஸ்டரில் (எல்லா டிராக்கும் சேரும் கடைசி சேனல்) உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் மிக்ஸ் செய்து, செல்போன் ஸ்பீக்கரில் போடுங்கள். பேஸ் வரியை உங்களால் முணுமுணுக்க முடியவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டாதீர்கள், சாச்சுரேஷனைக் கூட்டுங்கள்.