குக்கர் மூடியில் இருக்கும் அந்தச் சின்னக் குழாய்

குக்கர் மூடியில் வெயிட் உட்காரும் சின்னக் குழாய் இருக்கிறதே, அதுதான் வென்ட் பைப். மூடியைத் தேய்க்கிறோம், கேஸ்கெட்டைக் கழுவுகிறோம், இந்தக் குழாயை மட்டும் மறந்துவிடுகிறோம். புதிதாகச் சமைக்க வருபவர்களுக்கு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்வதற்கு முன்பே, இந்தத் துளையைப் பார்க்கத்தான் நான் சொல்லிக்கொடுப்பேன்.

குழாயின் வேலை என்ன? மூடிய பாத்திரத்துக்குள் ஆவி சேரச் சேர அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி, சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். கொண்டைக்கடலை சீக்கிரம் வேகிற ரகசியம் இதுதான். அழுத்தம் எதுவரை ஏறலாம் என்பதைக் குழாயும் வெயிட்டும் சேர்ந்து முடிவு செய்கின்றன. துளையின் விட்டம் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 70 கிராம் வெயிட் வைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் வரும்வரை ஆவி உள்ளே நிற்கும். அதற்கு மேல் போனால் வெயிட் எழும்பும், விசில் வரும். அதே அழுத்தம் 20 செ.மீ. அகலமுள்ள மூடியை எவ்வளவு விசையோடு தள்ளும் தெரியுமா? 300 கிலோவுக்கும் மேல்! துளை அடைத்துக்கொண்டால் அந்த விசை ஏறிக்கொண்டே போகும்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

முதலில், மூடியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குழாய் வழியாகப் பாருங்கள். மறுபக்கம் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். வட்டம் ஓரத்தில் குறைந்திருந்தால்கூட அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். தென்னை ஈர்க்குச்சி ஒன்றை உள்ளே விட்டு இழுங்கள், பிறகு குழாய்த் தண்ணீரை அதன் வழியே ஓடவிடுங்கள். ஆணியோ ஊசியோ போட்டுக் குடையாதீர்கள், துளை கீறிப்போகும். வெயிட்டின் உள்பக்கத்தையும் கழுவுங்கள், பருப்பு நுரை அங்கேதான் காய்ந்து ஒட்டும்.

அடுத்து, அளவு. குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். பருப்பு, அரிசி போலப் பொங்குகிறவை என்றால் பாதிதான். பொங்கிய நுரையோடு தோலும் தொலியும் மேலே வந்துதான் துளையை அடைக்கின்றன.

மூடிய பிறகு உடனே வெயிட் போடாமல், குழாயிலிருந்து ஆவி சீராகப் பீறிட்டு வரும்வரை காத்திருங்கள். உள்ளே இருந்த காற்று வெளியேறும், குழாய் திறந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அப்புறம் வெயிட்டை வையுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒரு நாள் சாம்பாருக்குப் பருப்பும் தக்காளியும் வைத்தேன். வழக்கமான நேரம் தாண்டியும் விசில் வரவில்லை. கைப்பிடிப் பக்கம் கேஸ்கெட் வழியாக ஆவி கசிந்தது. அடுப்பை அணைத்தேன். சற்று நேரம் கழித்து வெயிட்டை லேசாகத் தூக்கினேன், சத்தமே இல்லை. ஆவி அடங்கிவிட்டது என்று திறக்கப்போனேன். மூடி அசையவில்லை. நல்லவேளை, இழுத்துப் பார்க்காமல் விட்டுவிட்டேன். முழுக்க ஆறிய பிறகு திறந்து பார்த்தால், குழாயின் அடிவாயில் சுருண்ட தக்காளித் தோல் ஒன்று தக்கை போல உட்கார்ந்திருந்தது.

துளை அடைத்திருந்தால் வெயிட்டைத் தூக்கினாலும் சத்தம் வராது, உள்ளே அழுத்தமோ அப்படியே இருக்கும். ஆகவே விசில் வராத நாளில் அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரம் கைக்குக் குளிர்ச்சியாகப் படும்வரை தொடாமல் விடுங்கள். மூடி இறுக்கமாக இருந்தால் பலம் போட்டுத் திறக்கவே கூடாது.

குழாய் அடைத்தால் காப்பாற்றுவதற்குத்தான் மூடியில் சேஃப்டி வால்வு இருக்கிறது. பெரும்பாலும் அது குறைந்த சூட்டில் உருகும் உலோகம் வைத்த சிறு திருகு. ஒருமுறை உருகிவிட்டால் அதே மாடலுக்கு உரிய புதியதைத்தான் போட வேண்டும், வேறு திருகு போட்டு அடைக்கக் கூடாது. ஆவி அழுத்தப் பாத்திரத்தை 1679-இல் உருவாக்கிய டெனிஸ் பாப்பனே பாதுகாப்பு வால்வு தேவை என்று கண்டுகொண்டவர்தான்.

குழாயின் அடியைச் சுற்றி ஆவி கசிந்தால், மூடியின் உள்பக்கம் இருக்கும் நட்டு தளர்ந்திருக்கலாம். மூடி ஆறிய பிறகு ஸ்பேனரால் ஒரு சுற்று இறுக்குங்கள். அப்படியும் கசிந்தால் குக்கர் சர்வீஸ் செய்யும் கடையில் குழாயை மாற்றிவிடுங்கள்.