ஆமோஸைக் கையில் எடுக்கும் தம்பிகளுக்கு

போன மாதம் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். வேதாகமப் பயிற்சி முடித்த கையோடு வந்த தம்பி ஒருவர் பிரசங்கத்துக்கு ஏசாயா தீர்க்கதரிசியின் 44-ஆம் அதிகாரத்தை எடுத்தார். ஒரே மரத்தில் பாதியை எரித்து அப்பம் சுட்டுவிட்டு மீதியைச் செதுக்கிக் கும்பிடுகிறானே, அந்தப் பகுதி. நன்றாகத்தான் ஆரம்பித்தார். பத்தாவது நிமிடத்தில் கை தானாக நீண்டு, ஜன்னலுக்கு வெளியே கோயில் இருக்கும் திசையைக் காட்டியது. நான் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் என் கையும் இப்படித்தான் நீண்டது.

நேரத்துக்கு முடிக்காதது, வசன எண்ணை மாற்றிச் சொல்வது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அதை விட்டுவிடுகிறேன். ஆமோஸ் மாதிரித் தீர்க்கதரிசிகளை எடுத்துப் பிரசங்கிக்கும்போது நாம் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தீர்ப்பை அடுத்த தெருவுக்கு அனுப்புவது

அப்போது காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்கட்டில் வீட்டுக்கார ஆச்சி. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஆள் கூடிவிட்டால் தன் வீட்டு ஜமக்காளத்தை எடுத்துக் கொடுப்பார்கள், சில நாள் ஓரமாக உட்கார்ந்து பாட்டும் கேட்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நான் எரேமியா 10-ஐ எடுத்தேன். பனை மரம்போல நிற்கும், பேசாது, யாராவது தூக்கித்தான் சுமக்க வேண்டும் என்று நாற்பது நிமிடம், அதுவும் வாடகை ஒலிபெருக்கியில். ஆமென் சத்தம் காதைப் பிளந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

காலையில் முற்றத்தில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஆச்சி தலையைத் தூக்காமலே கேட்டார்கள்: "ஏன் தம்பி, எங்க சாமி உங்களை என்ன செஞ்சுச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் ஜமக்காளம் வந்தது. ஆச்சி வரவில்லை.

அதுகூடப் பாதி நஷ்டம்தான். மீதிப் பாதி புரிய எனக்கு நாலைந்து வருஷம் ஆனது. அன்று எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் வட்டிக்கு விடும் சகோதரர், சபைக் கமிட்டியில் இருந்தவர். அவரிடம் கடன் வாங்கிய ஒரு அக்கா அதே கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்தார். அந்த அக்காவின் தையல் மெஷின் அவர் வீட்டில் அடகாகக் கிடந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தைக்கிற மெஷினைப் பிடித்து வைத்துக்கொண்டால் அவர் எதை வைத்துக் கடனை அடைப்பார்? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, பனை மரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆமோஸ் 2:8-ஐ எடுத்துப் பாருங்கள். அடகாக வாங்கிய துணியை விரித்து, பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள். அந்தத் துணியைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது யாத்திராகமம் 22-இல் இருக்கும் சட்டம். ஆமோஸ் அந்த இடத்துக்கு வந்து சேரும் விதம்தான் கெட்டிக்காரத்தனம். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அக்கம்பக்கத்து ஊர்களை ஒவ்வொன்றாகத் தீர்ப்புக்குள் இழுக்கிறார். கேட்கிற இஸ்ரவேலனுக்கு ஒரே குஷியாக இருந்திருக்கும். ஏழாவதாக யூதா. சரி, அவனும் பங்காளிதானே, படட்டும். எட்டாவதாக, இஸ்ரவேலே, நீ! சுற்றி வளைத்து வந்து வாசலில் நின்றுவிட்டார். அப்புறம் பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா "யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள்" என்று விரட்டாமல் என்ன செய்வான்? நான் ஆறு ஊரோடு நிறுத்திவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனவன்.

வேதம் விக்கிரகத்தை லேசாக எடுத்துக்கொள்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று பாருங்கள் என்கிறேன். ஏசாயா 44 "என் தாசனாகிய யாக்கோபே" என்று சொந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. பொன் கன்றுக்குட்டியைச் செய்தவன் அந்நியனா? ஆரோன். எசேக்கியேல் 14-இல் இருதயத்துக்குள் விக்கிரகத்தை வைத்துக்கொண்டு தீர்க்கதரிசிக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்கள் இஸ்ரவேலின் மூப்பர்கள். பொருளாசையே விக்கிரகாராதனை என்று கொலோசெயர் 3:5 சொல்வது சபைக்கு எழுதிய கடிதத்தில். அந்நியர் நடுவில் எப்படிப் பேசினார்கள் என்று தெரிய வேண்டுமானால் எபேசுவுக்குப் போங்கள். அப்போஸ்தலன் பவுல் அங்கே இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார். கலவரம் வந்தபோது அந்த ஊர்ச் சம்பிரதியே, அதாவது நகர அதிகாரியே, கூட்டத்தைப் பார்த்து, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷித்தவர்கள் இல்லையே என்கிறான், அப்போஸ்தலர் 19:37. என்னைப் பற்றி ஆச்சி அப்படிச் சாட்சி சொல்லியிருக்க முடியாது.

அழுதால் மனந்திரும்பியாயிற்று என்பது

பழைய ஏற்பாட்டில் மனந்திரும்புவதற்கு வரும் எபிரெயச் சொல் ஷூப். போன வழியை விட்டுத் திரும்பி வருவது, அவ்வளவு சாதாரண வார்த்தை. லூக்கா 3-இல் ஜனங்கள் யோவான் ஸ்நானனிடம் "நாங்கள் என்ன செய்ய வேண்டும்" என்று கேட்கிறார்கள். அழுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு, வரியைக் கூட்டி வாங்காதே, சம்பளம் போதும் என்றிரு. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று கணக்கே சொல்கிறான். எங்கள் கூட்டங்களில் கண்ணீர் நிறைய வந்தது. தையல் மெஷின் வரவில்லை.

யோனாவைப் பாதியில் நிறுத்துவது

"இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழும்" என்று யோனாவைப்போலக் கர்ஜித்துவிட்டுத் தம்பிகள் உட்கார்ந்துவிடுகிறார்கள். நாலாம் அதிகாரம் இருக்கிறது. நினிவே மனந்திரும்பித் தப்பித்துவிட்டதே என்று பிரசங்கியார் யோனாவே கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

வெள்ளம் வந்தால் தீர்ப்பு என்பது

லூக்கா 13:4. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிறார், இல்லை என்கிறார். படித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கி

இருபது பேருக்கு எதற்கு?