அமெரிக்காவில் விசாவும் வருமான வரியும்: நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர், விசாவை வக்கீல் பார்த்துக்கொள்வார், வரியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடாது என்ற நினைப்பு. ஆனால் அப்பா அம்மாவை ஸ்பான்சர் செய்ய ஐ-864 படிவம் போடும்போது வரிக் கணக்கையும் இணைக்க வேண்டும். குடியுரிமை நேர்காணலிலும் வரிக் கணக்கு பற்றிக் கேட்பார்கள். வரித் தவறுகளில் பெரும்பாலானவை பணம் கட்டினால் தீர்ந்துவிடும். குடியேற்றத்தைத் தொடும் தவறு அப்படித் தீராது. அதனால் அந்த வகைத் தவறுகளுக்கே இங்கே அதிக இடம்.

மாணவர்களிடமிருந்து தொடங்குகிறேன். எஃப்-1 விசாவில் வந்தவர் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு வரிச் சட்டத்தின் கண்ணில் நான்-ரெசிடென்ட், அதாவது அமெரிக்க வரிவாசி அல்லாதவர். 2023 ஆகஸ்டில் வந்திறங்கியவருக்கு அந்தச் சில மாதங்களே ஓர் ஆண்டாகக் கணக்காகும். ஆக, மாணவராகவே இருந்தால் 2027 வரை அவர் தாக்கல் செய்ய வேண்டியது 1040-என்ஆர் படிவம். ஓபிடியில், அதாவது படிப்பையொட்டி மாணவருக்குக் கிடைக்கும் வேலை அனுமதியில், நல்ல சம்பளம் வாங்கினாலும் இதே விதிதான். வருமானமே இல்லாத ஆண்டிலும் 8843 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். ரூம்மேட் பரிந்துரைத்த மென்பொருளில் உட்கார்ந்தால், அது பெரும்பாலும் உள்ளூர்வாசிகளுக்கான 1040 படிவத்தைத்தான் நிரப்பித் தரும். அதில் கல்விச் சலுகையெல்லாம் சேர்ந்து ரீஃபண்டும் கூடுதலாக வரும். உரிமையில்லாத பணத்தை, தவறான அந்தஸ்தைச் சொல்லி வாங்கியதாகத்தான் அது பதிவாகும். செய்துவிட்டீர்கள் என்றால் 1040-எக்ஸ் மூலம் திருத்துங்கள். நீங்களாகவே திருத்தியதற்கும் அவர்கள் கண்டுபிடித்ததற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சரியான படிவத்தைப் போட்டால் நஷ்டம் என்றும் பயப்பட வேண்டாம். இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு, வேறு பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு இல்லாத ஒரு சலுகையை நம் மாணவர்களுக்குத் தருகிறது: நான்-ரெசிடென்டாக இருந்தாலும், வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் நிலையான தொகையான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனை எடுத்துக்கொள்ளலாம். 2025ஆம் ஆண்டுக்கு அது 15,750 டாலர். அப்புறம், இந்த ஐந்து ஆண்டுகளில் ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் பிடித்தமும் கிடையாது. ஓபிடியில் ஆண்டுக்கு 80,000 டாலர் வாங்கும் ஒருவரிடம் கம்பெனி தெரியாமல் 7.65 சதவீதம் பிடித்தால், போவது 6,120 டாலர். முதலில் கம்பெனியிடம் கேளுங்கள்; தர மறுத்தால் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு 843ஆம் படிவம் அனுப்பலாம். இப்படித் திரும்ப வாங்கலாம் என்று தெரியாமலே ஓபிடியை முடித்தவர்கள் ஏராளம்.

மாணவர்களுக்கும் வேலை விசாவான எச்-1பிக்காரர்களுக்கும் பொதுவான இன்னொரு தவறு பக்க வருமானம். வார இறுதியில் உணவு டெலிவரி, யூடியூப் சேனல், நண்பரின் கடைக்குக் கணக்கு எழுதுவது என எதுவாக இருந்தாலும், அனுமதியில்லாத வேலை என்றால் அது விசா மீறல்தான். அதை மறைக்க வரிக் கணக்கில் காட்டாமல் விடுவது இரண்டாவது தவறு. பணம் கொடுத்தவர், கொடுத்த தொகையைத் தெரிவிக்கும் 1099 படிவத்தை ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பியிருந்தால் மறைத்ததும் தெரிந்துவிடும். வேலையை உடனே நிறுத்துங்கள், வருமானத்தைக் காட்டி வரியைக் கட்டுங்கள், அடுத்த விண்ணப்பத்துக்கு முன் குடியேற்ற வக்கீலிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இந்த வரிசையில்தான் போக வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது கிரீன் கார்டு வாங்கிய பெற்றோரின் நிலைமை. பிள்ளை குடியுரிமை பெற்றதும் அப்பா அம்மாவுக்குக் கார்டு வந்துவிடுகிறது. அவர்களுக்கோ குளிர் பிடிக்கவில்லை, பேச்சுத்துணை இல்லை, திருச்சிக்கே திரும்பிவிடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வந்து தலைகாட்டினால் கார்டு தங்கும் என்று நம்புகிறார்கள். அது உண்மையில்லை. அமெரிக்காதான் நிரந்தர வீடா என்பதே அதிகாரி பார்க்கும் கேள்வி. 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தாலே விமான நிலையத்தில் புதிதாக நுழைபவரைப் போலக் கேள்வி கேட்கலாம். ஓராண்டைத் தாண்டப் போகிறது என்றால், கிளம்பும் முன் அமெரிக்காவுக்குள் இருந்தபடியே ரீ-என்ட்ரி பெர்மிட் என்ற மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும்.

இதன் வரிப் பக்கம் பலருக்கும் தெரிவதில்லை. கார்டு கையில் இருக்கும்வரை, திருச்சியிலேயே ஆண்டு முழுக்க இருந்தாலும் அவர்கள் அமெரிக்க வரிவாசிகள். உலகின் எந்த மூலையில் வந்த வருமானமும் 1040இல் வர வேண்டும். "நாங்கள்தான் அங்கே இல்லையே" என்று 1040-என்ஆர் போட்டாலோ, ஒன்றுமே போடாமல் விட்டாலோ, கார்டைக் கைவிட்டதற்கு அதுவே சான்றாக எடுத்துக்கொள்ளப்படலாம். குடியுரிமைக்கான என்-400 படிவத்திலேயே, கார்டு வாங்கிய பிறகு வரிக் கணக்கில் நான்-ரெசிடென்ட் என்று சொல்லிக்கொண்டதுண்டா என்ற கேள்வி இருக்கிறது.

இத்தனைக்கும் வரி என்று பெரும்பாலும் ஒரு காசும் வராது. வைப்புநிதி வட்டி ஐந்து லட்சம், மாடி வாடகை ஒன்றே முக்கால் லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து எட்டாயிரம் டாலரைக்கூடத் தொடாது. தம்பதிக்கு 2025இன் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் மட்டுமே 31,500 டாலர். வரம்புக்குக் கீழே இருப்பவர் தாக்கல் செய்யக் கட்டாயம் இல்லை. ஆனாலும் செய்துவைப்பது கார்டுக்குப் பாதுகாப்பு. இனி அங்கே இருக்கவே போவதில்லை என்று முடிவெடுத்தவர்கள் ஐ-407 படிவம் கொடுத்து முறையாக ஒப்படைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வரலாம். கார்டு காலாவதியானால் வரிக் கடமையும் தானாகப் போய்விடும் என்று விட்டுவிடாதீர்கள். அது போகாது.

அடுத்தது ஊரில் உள்ள வங்கிக் கணக்குகள். வெளிநாட்டில் சம்பாதித்ததை ஊரில் போட்டுவைக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பது உண்மை. அமெரிக்காவில் உண்டு. பிபிஎஃப் வட்டியும் அப்படியே. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டின் ஏதாவது ஒரு நாளில் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற தனி அறிக்கை கொடுக்க வேண்டும். ஏப்ரல் 15 கெடு. தவறினால் அக்டோபர் 15 வரை தானாகவே அவகாசம் உண்டு. அப்பாவோடு சேர்ந்த ஜாயின்ட் கணக்கில் பணம் முழுக்க அவருடையதாகவே இருந்தாலும் உங்கள் பெயரில் அது கணக்காகும். சரண்டர் மதிப்புள்ள எல்ஐசி பாலிசியும் வரும். எதிலுமே வேண்டுமென்று மறைக்கவில்லை என்றாலும் அபராதம் 10,000 டாலருக்கு மேல் போகலாம்.

வட்டிக் கணக்கில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. இந்திய வங்கி தரும் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரை. அமெரிக்காவுக்கு வேண்டியது ஜனவரி முதல் டிசம்பர் வரை. சான்றிதழை அப்படியே எடுத்து எழுதாமல் ஸ்டேட்மென்டிலிருந்து கூட்டிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஓ கணக்கின் வட்டிக்கு வங்கி 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிக்கும். ஒப்பந்தப்படி இந்தியா எடுக்கக்கூடியது 15 சதவீதம்தான். அந்த 15க்கு மட்டுமே அமெரிக்கா கிரெடிட் தரும், அதாவது அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ள விடும். மீதியை இந்தியாவில் கணக்குத் தாக்கல் செய்துதான் வாங்க வேண்டும். ஊர் மியூச்சுவல் ஃபண்டுகளை, அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி ஆலோசகரிடம் காட்டிவிடுங்கள். அவற்றுக்கான அமெரிக்க விதி கடுமையானது. ஒவ்வொரு ஃபண்டுக்கும் 8621 என்ற தனிப் படிவம் தேவைப்படலாம்.

2025இல் குடியேற்ற விதிகள் மாறிய வேகத்தில் அவசர முடிவெடுத்தவர்கள் நிறைய. செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஒரு லட்சம் டாலர் எச்-1பி கட்டணம், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்கானது. உள்ளே இருந்தபடி நீட்டிப்பு கேட்பவருக்கு அது இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 30 முதல், வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்க மனுப் போட்டாலே தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு பெரும்பாலானோருக்கு நின்றுபோனது. எச்-1பிக்காரரின் துணைக்கான எச்-4 விசாவில் அட்டை வாங்கி வேலை பார்க்கும் பெண்கள் காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே மனுப் போட்டுவிடுங்கள். அட்டை முடிந்த பிறகு ஒரு நாள் வேலை செய்தாலும் அது மீறல்.

டிசம்பரில் இந்தியாவில் எச்-1பி நேர்காணல் தேதிகள் பலருக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போயின. ஸ்டாம்பிங்குக்கு, அதாவது பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்க, வந்து மாட்டிக்கொண்டவர்கள் சென்னையிலிருந்தே வேலை பார்த்தார்கள். சம்பளம் அமெரிக்க வங்கியில் விழுந்தாலும், வேலை செய்த இடம் இந்தியா என்பதால் இந்திய வரிக் கேள்வி எழும். நிதியாண்டில் 182 நாளைத் தொட்டால் நீங்கள் இந்திய வரிவாசி ஆகலாம். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுபவர் 120 நாளிலேயே அப்படி ஆகலாம். போர்டிங் பாஸைத் தூக்கி எறியாமல், வந்த தேதி, போன தேதி இரண்டையும் குறித்துவையுங்கள்.

வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவம் மூலம் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் தெரிவிக்க வேண்டும். ஐஆர்எஸ்ஸிடம் சொன்னது அங்கே போய்ச் சேராது. 2026 ஜனவரி முதல் வந்துள்ள ஒரு சதவீத ரெமிட்டன்ஸ் வரி (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான வரி) ரொக்கம், மணி ஆர்டர் போன்றவற்றுக்குத்தான். வங்கிக் கணக்கிலிருந்து ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு இல்லை.

பழைய ஆண்டுகளில் விட்டுப்போனது தெரியவந்தால், இந்த ஆண்டு முதல் சரியாகச் செய்துகொள்ளலாம் என்று பழையதை மூடிவைக்காதீர்கள். வருமானத்தையெல்லாம் காட்டி எஃப்பார் மட்டும் விட்டிருந்தால், காரணம் எழுதித் தாமதமாகக் கொடுக்க வழி உண்டு. வருமானமும் விட்டுப்போயிருந்து அதில் வேண்டுமென்ற எண்ணம் இல்லையென்றால், ஸ்ட்ரீம்லைன்டு என்ற திட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் வசிப்பவருக்கு அதில் பொதுவாக 5 சதவீத அபராதம். ஐஆர்எஸ் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி விசாரணையைத் தொடங்கிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.