வரையப் பழகும்போது கண் செய்கிற தவறுகள்

புதிதாக வரைய உட்காருகிறவர்கள் பலரும் சொல்வது, "எனக்குக் கை வராது" என்றுதான். எழுதத் தெரிந்த கைக்கு ஒரு கோட்டை வளைக்கவும் நிறுத்தவும் தெரியும். கோளாறு பெரும்பாலும் கண்ணில் இருக்கிறது. எதிரே இருப்பதைப் பார்க்காமல், மனசில் ஏற்கெனவே இருப்பதை வரைந்துவிடுகிறோம்.

கண் வரையச் சொன்னால் மீன் வடிவில் ஒரு கோடு, நடுவில் முழு வட்டம், மேலே ஐந்தாறு முடி. இது யாருடைய கண்ணும் இல்லை. உண்மையில் மேல் இமை கருவிழியின் உச்சியைக் கொஞ்சம் மறைத்திருக்கும். இமைக்கென்று ஒரு தடிமன் உண்டு. வெள்ளை விழியின் மீது மேல் இமையின் நிழல் விழுவதால் அது காகித வெள்ளையாகவும் இருக்காது. முகத்திலும் இதே கதைதான்: கண்களை நெற்றிப் பக்கம் ஏற்றி வைத்துவிடுவோம். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை அளந்தால் கண்கள் ஏறக்குறைய சரிபாதியில் இருக்கும். நம்ப முடியாவிட்டால் கண்ணாடி முன் நின்று பென்சிலால் அளந்து பாருங்கள். கண்ணும் வாயும் நம் கவனத்தை இழுத்துக்கொள்வதால் மண்டையின் மேல்பாதி மனசுக்குள் சுருங்கிவிடுகிறது.

இதற்கு நான் நம்புகிற பயிற்சி, ஒரு படத்தைத் தலைகீழாக வைத்து வரைவது. மூக்கு, வாய் என்ற பெயர்கள் மறந்துபோய் வெறும் சாய்வும் வளைவும் மட்டும் தெரியும். நாற்காலி வரையும்போது, கால்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தை வரைந்து பாருங்கள். கால்கள் தானாக அமைந்துவிடும்.

அளவு எடுக்கும்போது கையை மடக்கிவிடுவது இன்னொரு தவறு. பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளக்கையில் முழங்கை நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் மடங்கினாலும் முதல் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் ஒட்டாது. காகிதத்தை மேஜையில் படுக்க வைத்து வரைவதையும் பலர் கவனிப்பதில்லை. தூரத்தில் இருக்கிற மேல்பகுதி கண்ணுக்குக் குறுகித் தெரியும். அதை ஈடுகட்ட நம்மை அறியாமலே நீட்டி வரைவோம். தூக்கிப் பார்த்தால் தலை நீண்டிருக்கும். ஓர் அட்டையில் வைத்துச் சாய்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம், முழு உருவத்தின் எல்லையைக் குறிக்காமல் நேரே கண்ணிமை முடியில் ஆரம்பிக்காதீர்கள். அழகான ஒரு கண் முடிந்தபின், காதுக்குத் தாளில் இடம் இருக்காது.

கோடு நடுங்குகிறதே என்றால் பிடியைப் பாருங்கள். எழுதுவதுபோல் முனைக்கு அருகில் இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு மட்டும்தான் அசையும். நீண்ட கோடு துண்டு துண்டாக, ரோமம் முளைத்ததுபோல் வரும். பென்சிலைக் கொஞ்சம் பின்னால் தளர்வாகப் பிடித்து, தோளிலிருந்து கையை அசையுங்கள். தாளைத் தொடாமல் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவது முறை இழுங்கள்.

ஷேடிங்கில் பெரிய தவறு பயம். எச்பி பென்சில் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லா இடத்தையும் ஒரே சாம்பல் நிறமாக்கி, அதை விரலால் தேய்த்துவிடுவார்கள். விரலின் எண்ணெய்ப் பசை தாளில் ஒட்டி அழுக்காகும். பிறகு ரப்பருக்கும் எளிதில் போகாது. 2பி, 4பி, 6பி என்று எண் ஏற ஏற பென்சில் மென்மையாகவும் கருப்பாகவும் எழுதும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: சின்ன விவரங்கள் மங்கி, வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்பது தெரியும். மிக இருண்ட இடத்தைத் துணிந்து கருப்பாக்கினால்தான் வெளிச்சத்துக்கு உயிர் வரும்.

ரப்பரை அவசரமாக எடுக்க வேண்டாம். தவறான கோட்டை அழித்துவிட்டு வரைந்தால், பெரும்பாலும் அதே இடத்தில் அதே தவறைத்தான் மறுபடி போடுவோம். அது அங்கேயே இருக்கட்டும். எவ்வளவு தள்ள வேண்டும் என்று அதை வைத்துப் பார்த்து, பக்கத்தில் சரியான கோட்டைப் போட்ட பிறகு பழையதை அழியுங்கள்.