பூனைக்கு ஊசி போடும் நேரத்தில் சர்க்கரை 300, நடுவில் 62: என் அனுபவம்

எங்கள் பூனைக்குக் காலையும் மாலையும் கிளார்ஜின் இன்சுலின். ஊசிக்கு முன் காது ஓரத்தில் குத்திப் பார்த்தால் எப்போதும் 280, 300 என்றே காட்டியது. மருந்தளவு போதவில்லை என்றே தோன்றும். ஸ்ட்ரிப் டப்பாவை மாற்றினோம், புது இன்சுலின் குப்பி திறந்தோம், மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கே முழுக்க மாறினோம். எண் அசையவில்லை.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. பூனை சிறுநீர் கழிக்கும் மணல் தட்டில், ஈரம் பட்டுச் சேரும் மணல் கட்டிகள் எலுமிச்சை அளவுக்குச் சிறுத்திருந்தன. தண்ணீர்க் கிண்ணமும் காலியாகவில்லை. நாள் முழுக்க 300 இருந்தால் தாகமும் சிறுநீரும் கூடியிருக்குமே!

அதனால் ஊசி போட்டு ஆறு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன். 62. மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும், என்றாலும் பயந்துவிட்டேன். உடனே சாப்பாடு கொடுத்து, மருத்துவரை அழைத்தேன். சர்க்கரை மிகவும் இறங்கினால் உடல் தற்காப்பாக ஹார்மோன்களைச் சுரந்து ஏற்றிவிடலாம், ஊசி நேரத்தில் நாம் பார்ப்பது அந்த ஏற்றமாக இருக்கலாம் என்றார். மருந்தைக் கூட்டச் சொல்லவில்லை, குறைத்தார்.

அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்சு இங்கேதான் கைகொடுத்தது. அவர் சொன்னபடி படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு முறையும் நடுநேர அளவைக் குறித்து அனுப்பினேன். கடைசியில் ஊசியே நின்றது. நான்கு வாரம் ஊசியில்லாமல் அளவு சீராக இருந்த பிறகே ‘ரெமிஷன்’, அதாவது இன்சுலின் இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நிலை, என்று சொன்னார். மீண்டும் வரக்கூடும் என்பதால் வாரம் ஒருமுறை காதில் குத்திப் பார்க்கிறேன், தட்டில் கட்டி அளவைத் தினமும்.